துரோகத்துக்குப் பனியன் அடிப்பவன்

யார் யாரை முதுகில் குத்தப்போகிறார்கள் என்பது எங்கள் தொழிலில் பனியன் அடிப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். குத்துகிறவனுக்கே சில சமயம் அப்புறம்தான் சொல்வார்கள் என்று கேள்வி.

நான் திருப்பூர்க்காரன். உங்களுக்குப் பனியன் என்றால் சட்டைக்குள் போடுவது. எங்களுக்கு டி-ஷர்ட், காலர் வைத்தது, வைக்காதது எல்லாமே பனியன்தான். கலிஃபோர்னியாவில் பல வருஷம் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டினேன். லேஆஃபில் வேலை போனபோது கிரீன் கார்டு கையில் இருந்த தைரியத்தில் ஃப்ரீமான்ட்டுக்குப் பக்கத்தில் பாதி வேர்ஹவுஸை வாடகைக்குப் பிடித்து, பனியனில் படமும் பெயரும் அச்சடிக்கிற, பிறந்த ஊர்த் தொழிலுக்கே திரும்பிவிட்டேன். பொங்கல் விழாப் பனியன், மாரத்தான் பனியன், பர்த்டே பனியன் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு நாள் ஜப்பான் ஆர்டர் வந்தது. ஒரு ஜப்பானிய மல்யுத்தக் கம்பெனி, வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தப் பக்கம் ஆட்டம் போட வரும். அவர்களுக்குப் பனியன் அடித்து, அரங்கத்தில் மேசை போட்டு விற்பதும் நான்தான்.

கெட்ட சேதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு வெளியே சிரித்துப் பேச வேண்டிய வேலையில் இருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

கொக்கும் புகையும்

அந்த மல்யுத்தத்தில் யாரும் தனி ஆள் இல்லை. ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் அணியில் இருப்பார்கள். எங்கள் கம்பெனியில் நல்லவர்கள் வெள்ளைக் கொக்கு அணி. கெட்டவர்கள் கரும்புகை அணி. ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பினால் இவர்கள் இந்தப் பக்கம் நாற்காலியைத் தூக்குவார்கள். யார் ஜெயிப்பது என்பதெல்லாம் முன்பே பேசி வைத்ததுதான். அது பார்க்கிறவர்களுக்கும் தெரியும். சீரியல் பார்த்து அழுகிறவர்களுக்குக்கூடத்தான் அது நடிப்பு என்று தெரியும், அழாமலா இருக்கிறார்கள்?

எப்போதாவது ஒரு நல்லவன் கெட்டவனாக மாறுவான். ஹீல் டர்ன் என்பார்கள். கூடவே நின்று சண்டை போட்ட கூட்டாளியை, அவன் அசந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து அடிப்பான். எதிர் அணி ரிங்குக்குள் ஏறி வந்து ஒரு பனியனை நீட்டும். எல்லார் கண்முன்னாலும் அதை மாட்டிக்கொள்வான். நம் ஊரில் கட்சி மாறினால் கரைவேட்டி மாறுகிறதே, அதேதான். அந்தப் பனியன் என் வேர்ஹவுஸிலிருந்து போனது. அவன் அதை மாட்டிக்கொண்ட பத்தாவது நிமிஷம் என் மேசையில் அதே பனியன் பெட்டி பெட்டியாக இருக்க வேண்டும். அதனால் ஒன்றரை மாதம் முன்பே டிசைன் வந்துவிடும். வெளியே மூச்சு விட்டால் ஆர்டர் போய்விடும். முதல் தடவை டிசைனைப் பார்த்துவிட்டு என் முகம் போன போக்கை வீடியோ காலில் பார்த்த ஆஓகி அம்மா, அந்தக் கம்பெனியின் விற்பனைப் பொறுப்பாளர், பொறுமையான இங்கிலீஷில் சொன்னார்: "வருத்தப்படுங்கள், தப்பில்லை. பெட்டியை ஒட்டிவிட்டு வருத்தப்படுங்கள்."

கார்த்திக்கின் முதுகு

சன்னிவேலில் கார்த்திக் என்று ஒரு பையன். ஊர் கோவில்பட்டி. முதுகில் அவனுக்குப் பிடித்த வீரனின் பெயர் போட்ட கொக்குப் பனியன் ஒன்று வைத்திருந்தான். அந்த வீரன் ஒரு நாள் கரும்புகைக்குத் தாவிவிட்டான். மறுவாரம் கார்த்திக் பனியனோடு வந்து நின்றான். "அண்ணே, இந்தப் பேரு மேல கறுப்பா ஒரு பட்டை அடிச்சுக் குடுங்க. இவன் பேரை முதுகுல சுமந்துட்டு என்னால ஆபீஸ் போக முடியாது" என்றான். புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்றேன். ஹெச்-ஒன் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனபோது சட்டைக்குள்ளே இதைத்தான் போட்டிருந்தானாம், ராசியான பனியனாம். அடித்துக் கொடுத்தேன்.

ஒரு வருஷம் ஆகவில்லை. தாவினவன் ரிங்கில் மண்டியிட்டு, அழுது, மன்னிப்புக் கேட்டுக் கொக்கு அணிக்கே திரும்பி வந்துவிட்டான். இதுவும் அங்கே நடப்பதுதான். கார்த்திக் மறுபடி வந்தான். பட்டையை எடுத்துவிட வேண்டுமாம். சூடு காட்டிப் பதித்த இங்க், சுரண்டினால் துணிதான் கிழியும் என்றேன். பட்டைக்கு அடியில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் அவனை மன்னிச்சுட்டேன்ணே. பனியன்தான் மன்னிக்க மாட்டேங்குது."

எங்கள் வீட்டு ரசிகை

என் மனைவி சுமதிக்கு இந்த மல்யுத்தப் பைத்தியம் பிடித்தது நான் பனியன் அடிக்க வருவதற்கு ரொம்ப முன்னால். அப்போது அவளுக்கு வேலை செய்ய விசா கிடையாது. மாடி வீட்டு மைதிலிக்கும் கிடையாது. மைதிலி மெட்ராஸ் பெண், சுமதி ஈரோட்டுப் பக்கம். நாங்கள் இரண்டு புருஷன்மார்களும் ஆபீஸ் போனதும் இவள் வீட்டில் காபி, அவள் வீட்டில் சாப்பாடு. ஒரு மத்தியானம் டிவியைத் தட்டிக்கொண்டிருந்தபோது தகாசே, மினோ என்ற இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். கொக்கு அணியின் ஜோடி. ஒருவன் உள்ளே அடி வாங்கும்போது மற்றவன் கயிற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கையைத் தொட்டுவிட்டால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வார்த்தை ஜப்பான் மொழி தெரியாமல் இரண்டு பெண்களும் வருஷக்கணக்கில் அந்தக் கையை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மைதிலியின் வீட்டுக்காரருக்கு டெக்ஸஸில் வேலை கிடைத்தது. அவள் சுமதியிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை சுமதி மௌரி அவென்யூ கடையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால், பார்க்கிங்கில் வீட்டுச் சாமான் ஏற்றுகிற டிரக். பக்கத்தில் மைதிலி நிற்கிறாள். சுமதி அவளுடைய பங்கு முருங்கைக்காயை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. மைதிலி ஃபோன் செய்தாலும் சுமதி எடுப்பதில்லை. தகாசேயையும் மினோவையும் மட்டும் தனியாக உட்கார்ந்து விடாமல் பார்ப்பாள். எதிர் வீட்டில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. வேலை மாறினால் போகத்தானே வேண்டும், இதற்குப் போய் யாராவது கோபிப்பார்களா என்று ஒரு நாள் சமாதானம் பேசிப் பார்த்தேன். சுமதி சொன்னாள்: "போனதுக்குக் கோவமில்லைங்க. போறோம்னு தெரிஞ்சுக்கிட்டே தெனமும் வந்து எங்கூட உக்காந்து காப்பி குடிச்சா பாருங்க, அதுதான் ஆறல."

இட்லி அரிசி

இந்த வருஷம் வந்த டிசைனைத் திறந்தேன். கறுப்புப் பனியன், புகைப் படம், முதுகில் தகாசேயின் பெயர். மினோவை அவன் அடிக்கப்போகிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் லூப்பே எட்டிப் பார்த்தாள். மெக்ஸிகோக்காரி, சுமதியை நன்றாகத் தெரிந்தவள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அடிப்பது பெரிய வேலையில்லை. எங்கே வைப்பது? வாரக் கடைசியில் வேர்ஹவுஸுக்கு வந்து பனியன் மடித்துக் கொடுப்பவள் சுமதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, பனியன்களை அடுக்கி, டேப் போட்டு, மேலே மார்க்கரால் "இட்லி அரிசி" என்று எழுதி வீட்டு கராஜில் வைத்தேன். அரிசிப் பெட்டியை யார் பிரிப்பார்கள் என்ற நினைப்பு. சுமதியோ, பின் தெரு கமலா ஆன்ட்டிக்கு அரிசி தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆன்ட்டி நேரே கராஜுக்கு வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் லுங்கியோடு தெருமுனை ஸ்டாப் சைன் வரை ஓடி, கண்ணாடியைத் தட்டி, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். அது வேறு அரிசி ஆன்ட்டி, வண்டு விழுந்தது ஆன்ட்டி என்று ஏதோ உளறினேன். அவர் நம்பவில்லை. மறுநாள் அவரே ஒரு பை அரிசியோடு வந்தார். அதை சுமதி கையில் கொடுத்து, என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "கஷ்டம்னா சொல்லுப்பா. அரிசிக்காக ஒரு மனுஷன் இப்படி ஓடி வந்து நான் பார்த்ததே இல்லை."

ஓமத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் தோசையும் மல்யுத்தமும். அந்த வாரங்களில் தகாசே மினோவின் கையைத் தூக்கிப் பிடித்து ஊர்வலம் வராத குறைதான். கம்பெனிக்காரர்கள் விவரமானவர்கள். அணைத்துக்கொள்வதை நன்றாகக் காட்டினால்தான் அடி நன்றாக விழும். சுமதி தட்டில் தோசையைப் போட்டுவிட்டு, "உலகத்துல எவன் பிரிஞ்சாலும் இவங்க ரெண்டு பேரும் பிரிய மாட்டாங்க, பாருங்க" என்பாள். எனக்குத் தோசை தொண்டையோடு நின்றுவிடும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொள்வேன்.

அடுத்த வாரமும் அதே கதைதான். ஆள் இளைத்துப்போனேன். அசிடிட்டி என்று அவளே முடிவு செய்து, வேளாவேளைக்கு ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தேன், வேறென்ன செய்ய? காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க. நெஞ்சு வலி கிலின்னா இப்பவே சொல்லிருங்க."

போகிறவர்களுக்கும்

அந்தச் சமயத்தில் குபெர்டினோவிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். ஆபீஸ் ஓட்டப்பந்தயத்துக்கு அவருடைய டீமுக்குப் பனியன் வேண்டும். எத்தனை என்று கேட்டேன். ஒரு எண்ணைச் சொன்னார், குறைத்தார், மறுபடி யோசித்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தானாகவே சொன்னார். டீமில் சிலருக்கு வேலை போகப்போகிறது, பந்தயத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள், அவருக்கு மட்டும் இப்போதே தெரியும். கிளம்பும்போது சொன்னார்: "எல்லாருக்குமே அடிச்சிடுங்க சார். போறவங்களும் ஓடினவங்கதானே."

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஸான் ஹோஸேயில் ஆட்டம். சுமதி கொக்குப் பனியன் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் அவள் எப்போதோ வாங்கிவிட்டாள், வராதே என்று எந்த வாயால் சொல்வது? நானும் லூப்பேயும் பின்னால் மேசையில். மேசைத் துணிக்கு அடியில் இட்லி அரிசி. தகாசேயும் மினோவும்தான் ஜெயித்தார்கள். மினோ எழ முடியாமல் கிடந்தான். தகாசே கையைக் கொடுத்துத் தூக்கினான், அணைத்துக்கொண்டான். மினோ திரும்பிக் கூட்டத்துக்குக் கும்பிடு போட்ட நேரத்தில் தகாசே நாற்காலியை எடுத்து அவன் முதுகில் இறக்கினான். கரும்புகைக்காரர்கள் ரிங்குக்குள் ஏறி வந்து கறுப்புப் பனியனை நீட்டினார்கள்.

சுமதி எழுந்து நின்றாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள். தாங்க முடியாத ஒன்றைப் பார்த்தால் வீட்டு மனுஷர்களைத்தானே தேடுவோம்? நான் அந்த நேரம் குனிந்து, கத்தியால் டேப்பைக் கீறி, கறுப்புப் பனியன்களை அள்ளி மேசையில் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிங்கில் தகாசே மாட்டிக்கொண்ட பனியனையும் என் கையிலிருந்த பனியனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் வரிசை வந்துவிட்டது. முதல் ஆளாகக் கொக்குப் பனியன் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கண்ணெல்லாம் சிவந்து, தகாசேயை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மேசைக்கு வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சாகிற வரைக்கும் அவனை மன்னிக்க மாட்டேன். எக்ஸ்ட்ரா லார்ஜ் இருக்கா?"

இரண்டு பஸ்

ஆட்டம் முடிந்து பின்வாசலில் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சுமதியும் வந்து ஏற்றினாள். கோபத்துக்காக வேலையை விட்டுப் போகிறவள் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. அப்போது ஆஓகி அம்மாவோடு தகாசே வந்தான். குளித்துவிட்டு, சாதாரணச் சட்டையில், டிவியில் தெரிவதைவிடச் சின்ன ஆளாக இருந்தான். குனிந்து வணங்கிவிட்டு, விற்காமல் மிச்சமான கொக்குப் பனியனில் அவனுடைய அளவில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆஓகி அம்மாதான் சொன்னார். ஜப்பானில் ஊர் ஊராகப் போகும்போது நல்லவர்களுக்கு ஒரு பஸ், கெட்டவர்களுக்கு வேறு பஸ். ரசிகர்கள் கண்ணில் சேர்ந்து படக் கூடாது என்று பழைய வழக்கம். தகாசேயும் மினோவும் சேர்ந்த நாளிலிருந்து பஸ்ஸில் ஒரே ஸீட். ஊருக்குப் போனதும் இவன் அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். இவனுக்கு முன்பே தெரியுமா என்று சுமதி கேட்டாள். ஸ்பிரிங் சீசனிலேயே தெரியும், மினோவுக்கும் தெரியும், ஆனால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை என்றார் ஆஓகி அம்மா. சுமதி ஒரு பனியனை எடுத்து, கையால் தட்டிச் சுருக்கம் நீவி, அழகாக மடித்து, இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தாள். தகாசே வாங்கிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னான். ஆஓகி அம்மா அதை இங்கிலீஷில் சொன்னார்: "மினோவுக்குப் பஸ்ஸில் தூங்கினால் தலை சாயும். இனிமேல் பக்கத்தில் யார் உட்காருவார்களோ தெரியவில்லை என்கிறார்."

ஃப்ரீவேயில்

எட்டு எண்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் ஞாயிறு சாயங்கால நெரிசல். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"ஒண்ணரை மாசம் இருக்கும்."

"தெனமும் எம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"ஆர்டர் போயிரும்னுதான சொல்லல?"

"அதுவும்தான். ஆனா சொன்னா உன் மொகம் எப்படி ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு சுமதி. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே போயிருச்சு."

"எப்படீங்க முடிஞ்சுது?"

"முடியல. நீ சுட்ட தோசை ஒண்ணுகூட எறங்கல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. இனி என்னோடும் பேச மாட்டாள், மைதிலிக்கு விழுந்த கதவு எனக்கும் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மனசு விட்டுப்போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். வேன் ஸ்பீக்கரோடு இணைத்த ஃபோன், ரிங் போவது வண்டி முழுக்கக் கேட்டது. முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சுமி..." என்றது மைதிலியின் குரல்.

"டிரக் வர்றதுக்கு எத்தனை நாள் முன்னாடிடீ உனக்குத் தெரியும்?"

"ரெண்டு மாசம். சத்தியமா தினமும் சொல்லணும்னுதான்டி உன் வீட்டுக்கு வந்தேன்..."

வீட்டுக்குத் திரும்புகிற எக்ஸிட் வந்தது. நான் திருப்பவில்லை, பேச்சு நின்றுவிடக் கூடாதென்று நேரே விட்டேன். சுமதி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்த ரெண்டு மாசமும் உனக்குச் சோறு எறங்குச்சாடீ?"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் இவள் இங்கேயும் அவள் டெக்ஸஸிலுமாக ஃபோனில் தகாசேயைத் திட்டித் தீர்க்கிறார்கள், எனக்குப் பசி நன்றாகத் திரும்பிவிட்ட இந்த நேரம் பார்த்துத் தோசை சுடத்தான் வீட்டில் ஆளில்லை.